மண்ணடிக்கு ஒரு ரயில் இருக்கிறது

சென்னை விமான நிலையத்தில் நீல வழித்தட மெட்ரோவில் ஏறி உட்கார்ந்தால் 15ஆவது நிலையம் மண்ணடி. நடுவில் வண்டி மாற வேண்டியதில்லை. பயணம் சுமார் முக்கால் மணி நேரம். சென்னை மெட்ரோவின் அதிகபட்சக் கட்டணமே 50 ரூபாய்தான். படியேறி வெளியே வந்தால் கால் படுகிற இடம் ஜார்ஜ் டவுன். புனித ஜார்ஜ் கோட்டைக்கு வடக்கே, துணிக்கும் தாளுக்கும் மருந்துக்கும் இரும்புக்கும் ஆளுக்கொரு தெருவை ஒதுக்கிக்கொண்டு நிற்கும் பழைய பட்டணம்.

இந்த வசதி எவ்வளவு அரிது என்பதைப் பக்கத்து நகரங்களைப் பார்த்தால்தான் புரியும். பெங்களூரில் பழைய பேட்டையின் நடுவே சிக்பேட்டைக்கு மெட்ரோ வந்துவிட்டது. 2008இல் திறந்த தேவனஹள்ளி விமான நிலையத்துக்கு ரயில் பாதை இன்னும் கட்டுமானத்தில் இருக்கிறது. ஐதராபாத்தில் சம்ஷாபாத் விமான நிலையமும் சார்மினாரும் இரண்டுமே மெட்ரோவுக்குக் காத்திருக்கின்றன. கொச்சியில் நெடும்பாசேரியில் இறங்குகிறவர் கோட்டைக் கொச்சிக்குச் சாலையில் 40 கிலோமீட்டர் போக வேண்டும். இல்லையென்றால் பேருந்து, மெட்ரோ, நீர்வழி மெட்ரோ என்று மாறி மாறிச் செல்ல வேண்டும். டெல்லியில் விமான நிலைய விரைவு ரயில் புதுடெல்லி நிலையத்தோடு நின்றுவிடும். சாந்தினி சௌக்குக்கு இன்னொரு ரயில் பிடிக்க வேண்டும். சென்னையில் மட்டும் ஒரே ரயில் விமான நிலையத்து வாசலில் கிளம்பிப் பழைய பட்டணத்து வாசலில் இறக்கிவிடுகிறது.

2016 செப்டம்பரில் விமான நிலையத்திலிருந்து சின்னமலை வரை ரயில் ஓடத் தொடங்கியது. 2019 பிப்ரவரியில் தேனாம்பேட்டை டி.எம்.எஸ்.ஸிலிருந்து வண்ணாரப்பேட்டை வரையிலான சுரங்கப் பகுதி திறந்தபோது வழி முழுமையானது. அத்தனை கோடிச் செலவும், கட்டுமானக் காலத்தில் பிராட்வே வியாபாரிகள் பொறுத்துக்கொண்ட அவதியும் அதற்குப் பின்னால் இருக்கின்றன. ஆனால் இந்த நகரம் தனக்குக் கிடைத்திருக்கும் இந்த வழியை வழியாகவே நடத்தவில்லை. ரயிலுக்கு முன்னால் உள்ள சில நூறு மீட்டரும் ரயிலுக்குப் பின்னால் உள்ள சில நூறு மீட்டரும் கவனிப்பாரற்றுக் கிடக்கின்றன. பெரிய வேலை முடிந்துவிட்டது. மிச்சமிருப்பது சின்ன வேலை, அதுதான் நடக்கவில்லை.

இந்த வழி ஒன்றும் மெட்ரோ கண்டுபிடித்த வழியன்று. பரங்கிமலைக்கும் கோட்டைக்கும் இடையே மக்கள் நடந்த பழைய பாதை அது. நடுவில் அடையாறு குறுக்கிட்டது. அதன்மேல் முதல் பாலத்தை 1726இல் கட்டிக்கொடுத்தவர் கோஜா பெட்ரஸ் உஸ்கான் என்ற ஆர்மீனிய வணிகர். மணிலாவோடு நடத்திய வியாபாரத்தில் செல்வம் சேர்த்தவர். கும்பினியாரிடம் கேட்டுக்கொண்டிராமல் சொந்தப் பணத்தில் பாலத்தைக் கட்டினார். அதன் பராமரிப்புக்கும் தனியாகப் பணம் ஒதுக்கி வைத்தார். பரங்கிமலை உச்சிக்கு ஏறும் படிகளும் அவர் கொடைதான். மர்மலாங் பாலம் என்று பெயர் பெற்ற அந்தச் சைதாப்பேட்டைப் பாலம் இரண்டு நூற்றாண்டுகளுக்கு மேல் வண்டிகளைச் சுமந்தது. 1966இல் அதன் இடத்தில் எழுந்ததுதான் இன்றைய மறைமலை அடிகள் பாலம். அதன் பக்கத்தில் உஸ்கான் நட்ட கல்வெட்டு இன்னும் இருக்கிறது.

1746இல் பிரெஞ்சுக்காரர்கள் சென்னையைப் பிடித்தபோது உஸ்கான் அவர்கள் பக்கம் சாய மறுத்தார், சொத்தைப் பறிகொடுத்தார். 1751இல் இறந்து வேப்பேரியில் அடக்கமானார். பாலம் கட்டியதோடு நிற்காமல் அதைப் பார்த்துக்கொள்ளவும் பணம் வைத்துவிட்டுப் போனதுதான் அவர் செய்த பெரிய காரியம். இன்றைய அலுவலகங்கள் அவரிடம் கற்றுக்கொள்ள வேண்டியதும் அதுவே.

இன்று விமானத்தில் வந்திறங்கி நீல வழித்தடத்தில் போகிறவர் ஏறக்குறைய அதே தடத்தில்தான் போகிறார். கிண்டி, சின்னமலை, சைதாப்பேட்டை, பிறகு அண்ணா சாலையின் அடியில் தேனாம்பேட்டை, ஆயிரம் விளக்கு, எல்.ஐ.சி., அப்புறம் சென்ட்ரல், உயர் நீதிமன்றம். நகரத்தின் 300 ஆண்டு முதுகெலும்பு அது.

மெட்ரோவுக்கு முன்பே இன்னொரு ரயிலும் இருக்கிறது. விமான நிலையத்துக்கு வெளியே ஜி.எஸ்.டி. சாலையைக் கடந்தால் திரிசூலம். கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே 1931இல் மின்சார ரயில் ஓடத் தொடங்கிய பாதையில் அமைந்த நிலையம். அங்கே ஏறினால் பூங்கா, கோட்டை, கடற்கரை என்று நேராகக் கொண்டுபோய் விடும். கடற்கரை நிலையத்துக்கு எதிரே ராஜாஜி சாலையைத் தாண்டினால் ஜார்ஜ் டவுனின் கிழக்கு ஓரம். பர்மா பஜாரும், பர்மாவிலிருந்து திரும்பியவர்கள் கொண்டுவந்த அத்தோ விற்கும் கடைகளும் அங்கேதான். மெட்ரோவைவிடப் பல மடங்கு மலிவான பயணம். ஒரு விமான நிலையத்துக்கு இரண்டு ரயில்கள், இரண்டும் பழைய பட்டணத்துக்கே போகின்றன. உலகத்தில் எத்தனையோ பெரிய நகரங்களுக்கு இது வாய்க்கவில்லை.

அப்படியானால் குறை எங்கே?

முதல் குறை விமான நிலையத்திலேயே தொடங்குகிறது. ஆண்டுக்கு 2 கோடிக்கும் மேற்பட்டவர்கள் வந்துபோகும் இடம் அது. அங்கே வெளியே வருகிறவருக்கு வண்டி கிடைப்பதே பெரும்பாடு. 2022 டிசம்பரில் பலநிலை வாகன நிறுத்தம் திறந்த பிறகு வாடகைக் கார் ஏறும் இடம் அங்கே மாறியது. பெட்டிகளோடு அவ்வளவு தூரம் நடக்க வேண்டியிருக்கிறது என்று பயணிகள் தொடர்ந்து குறைபட்டதும், பேட்டரி வண்டிகள் விட்டதும் எல்லோரும் அறிந்தவை. காருக்கே இந்த நடை என்றால், அதே தூரத்தில் இருக்கிற மெட்ரோவுக்கு மனிதர்களைத் திருப்புவது எளிது. அதற்கு வழிகாட்டிப் பலகை “மெட்ரோ” என்று சொன்னால் போதாது. ஊருக்குப் புதியவருக்கு அந்த ரயில் எங்கே போகிறது என்று தெரிய வேண்டும். சென்ட்ரல், உயர் நீதிமன்றம், மண்ணடி, ஜார்ஜ் டவுன் என்று ஊர்ப்பெயர் எழுதி, பக்கத்தில் எத்தனை நிமிடம், எத்தனை ரூபாய் என்று போட்டால் பாதிப் பேர் நின்று படிப்பார்கள். பெட்டி எடுக்கும் வளையத்தின் அருகே வைத்தால் இன்னும் நல்லது. காத்திருக்கும் நேரத்தில் கண் போவது அங்கேதான்.

இரண்டாவது குறை இரவு. மெட்ரோ அதிகாலை 5 மணிக்குத் தொடங்கி இரவு 11 மணி வாக்கில் ஓய்கிறது. வளைகுடாவிலிருந்தும் தென்கிழக்கு ஆசியாவிலிருந்தும் வரும் பல விமானங்கள் நள்ளிரவுக்கும் விடியலுக்கும் நடுவேதான் தரையிறங்குகின்றன. இரவில் தண்டவாளப் பராமரிப்பு நடக்க வேண்டும். ஆகவே ரயிலை ஓட்டச் சொல்வது நியாயமில்லை. பேருந்தைக் கேட்கலாம். 2024 முதல் மாநகரப் போக்குவரத்துக் கழகத்திடம் தாழ்தளப் பேருந்துகள் இருக்கின்றன. படியேற்றம் இல்லாததால் பெட்டியோடு ஏறுவது சுலபம். இரவு 11 முதல் 5 மணி வரை அரை மணிக்கு ஒன்று, முனைய வாசலிலிருந்து மெட்ரோ போகும் அதே வழியில் சென்ட்ரல், பாரிமுனை வரை ஓடட்டும். மூன்று ஆண்டு துபாயில் வேலை செய்துவிட்டு விடியற்காலை 2 மணிக்கு வந்திறங்குகிற தொழிலாளி, காருக்கு ஆயிரத்துக்குக் குறையாமல் கொடுக்க மனமில்லாமல் நாற்காலியில் சாய்ந்து பொழுது விடியக் காத்திருப்பது ஒரு பெருநகரத்துக்கு அழகில்லை.

மூன்றாவது குறைதான் பெரிது. அது ரயில் இறக்கிவிட்ட பிறகு வருகிறது.

உயர் நீதிமன்ற நிலையத்தில் இறங்கி வெளியே வருகிறவர் நிற்கும் மண்ணுக்கு ஒரு கதை உண்டு. ஆங்கிலேயர் கருப்பர் பட்டணம் என்று அழைத்த முதல் ஊர் அங்கேதான், கோட்டை மதிலை ஒட்டி இருந்தது. பிரெஞ்சு ஆக்கிரமிப்பின்போதும் அதன் பின்பும் பீரங்கிக்கு வெளி வேண்டும் என்று அந்த வீடுகளும் கோயிலும் இடித்துத் தள்ளப்பட்டன. இடிபட்ட சென்னக் கேசவர் கோயிலுக்குப் பதிலாகப் பூக்கடை அருகே இரட்டைக் கோயில்கள் எழுந்தன. மணலி முத்துகிருஷ்ண முதலியார் அதற்கு முன்னின்றார். பட்டணம் கோயில் என்று இன்றும் சொல்கிறார்கள். வீடிழந்தவர்கள் வடக்கே முத்தியாலுப்பேட்டையிலும் பெத்தநாயக்கன்பேட்டையிலும் பரவினார்கள். அந்த வெளியில் இனி யாரும் கட்டக் கூடாது என்று நட்ட எல்லைத் தூண்களில் ஒன்று பாரிமுனையில் டேர் ஹவுஸ் கட்டடத்தோரம் இருக்கிறது. ஹைதர் அலிக்குப் பயந்து எழுப்பிய மதிலுக்காக விதிக்க நினைத்த வரியின் பெயரில்தான் வால்டாக்ஸ் ரோடு. 1911இல் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் முடிசூட்டையொட்டி ஊர்ப்பெயர் ஜார்ஜ் டவுன் ஆனது.

இவ்வளவும் நடந்தே பார்த்துவிடக்கூடிய தூரத்தில் இருக்கின்றன. நடக்கத்தான் முடியவில்லை.

என்.எஸ்.சி. போஸ் சாலையின் நடைபாதையில் ஒரு ஆள் நேராக 50 அடி நடப்பது சாதனை. கடைச் சரக்கு, இரு சக்கர வாகனம், மின்பெட்டி, உடைந்த மூடிக்கல் என்று ஏதாவது ஒன்று தடுக்கும். சாலையில் இறங்கினால் பேருந்து. உள்தெருக்களில் நடைபாதை என்பதே பெயரளவுக்குத்தான். தம்பு செட்டித் தெருவிலும் லிங்கி செட்டித் தெருவிலும் காலையில் லாரி சரக்கிறக்கும். மீன்பாடி வண்டியும் கைவண்டியும் எதிரெதிரே வந்து நின்றுவிடும். ஆண்டர்சன் தெருவில் காகிதக் கட்டுகள், கோடவுன் தெருவில் துணி மூட்டைகள், ராசப்பச் செட்டித் தெருவில் நாட்டு மருந்துச் சாக்குகள். முதியவர் ஒருவர் கைத்தடியோடு காளிகாம்பாள் கோயிலுக்குப் போவதைத் தம்பு செட்டித் தெருவில் பத்து நிமிடம் நின்று பார்த்தால் போதும்; நகரத் திட்டம் பற்றி எந்த அறிக்கையும் படிக்க வேண்டாம்.

கொத்தவால் சாவடிக் காய்கறிச் சந்தை 1996இல் கோயம்பேட்டுக்குப் போனபோது ஜார்ஜ் டவுனின் நெரிசல் தீர்ந்துவிடும் என்று பலரும் நம்பினார்கள். தீரவில்லை. காய்கறி லாரி விட்ட இடத்தை மற்ற லாரிகளும் இரு சக்கர வாகனங்களும் பிடித்துக்கொண்டன. வியாபாரத்தை வெளியேற்றுவது தீர்வன்று என்பதற்கு இந்த அனுபவமே சான்று. அந்த வியாபாரம்தான் அந்த ஊரின் உயிர். மொத்தக் கடைகளையும் சுமைத் தொழிலாளிகளையும் நடைபாதை வியாபாரிகளையும் அகற்றிவிட்டுப் பளபளப்பாக ஒரு பாரம்பரியப் பகுதி செய்வது ஜார்ஜ் டவுனைக் கொல்வதற்குச் சமம். நேரத்தைப் பிரித்துக் கொடுப்பதுதான் வழி. லாரிகளுக்கு இரவும் அதிகாலையும், நடப்பவர்களுக்குப் பகல். நடைபாதை வியாபாரிகளுக்கு 2014ஆம் ஆண்டுச் சட்டம் சொல்லும்படி அளந்து கொடுத்த இடம்.

டெல்லி இதைச் செய்து பார்த்தது. செங்கோட்டைக்கும் ஜாமா மசூதிக்கும் 2017இல் மெட்ரோ வந்தது. பிறகு, 2021இல், செங்கோட்டை எதிரிலிருந்து பதேபூரி மசூதி வரை சாந்தினி சௌக்கின் 1.3 கிலோமீட்டரைச் செந்நிறக் கல் பாவி, காலை 9 முதல் இரவு 9 வரை மோட்டார் வாகனங்களைத் தடுத்தார்கள். கடைகள் போகவில்லை, சைக்கிள் ரிக்‌ஷாக்களும் போகவில்லை. கண்காணிப்பு தளர்ந்தபோதெல்லாம் மோட்டார் வண்டிகள் திரும்ப நுழைகின்றன என்ற புகாரும் அங்கே உண்டு. கல் பதிப்பதோடு வேலை முடிவதில்லை என்று அது காட்டுகிறது. உஸ்கான் பராமரிப்புக்குப் பணம் வைத்ததன் பொருள் இங்கேதான் விளங்குகிறது.

இன்னொரு ஜார்ஜ் டவுனும் பார்க்கத் தகுந்தது. பினாங்கில் 1786இல் மூன்றாம் ஜார்ஜ் பெயரால் ஆங்கிலேயர் நிறுவிய அந்த ஊரைத் தமிழர்களும் சேர்ந்து கட்டினார்கள். கப்பித்தான் கெளிங் பள்ளிவாசலும், 1833இல் தோன்றிய மகாமாரியம்மன் கோயிலும் அங்கே பக்கத்துப் பக்கத்துத் தெருக்களில் இருக்கின்றன. 2008இல் மலாக்காவோடு சேர்த்து யுனெஸ்கோ அந்த ஊரை உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏற்றியது. அங்கே விமான நிலையத்துக்கு இன்னும் ரயில் கிடையாது. ஆனால் விமான நிலையத்திலிருந்து பழைய ஊருக்குள் வரை ராபிட் பினாங் பேருந்து வருகிறது. இறங்கிய பிறகு பழைய தெருக்களைச் சுற்றிவர இலவசச் சிற்றுந்து ஓடுகிறது. ரயிலே இல்லாமல் அவர்கள் பயணத்தை முழுமையாக்கிவிட்டார்கள். ரயில் வைத்திருக்கும் சென்னை பாதியில் நிற்கிறது.

சென்னையாலும் முடியும். 2019இல் தியாகராய நகர் பாண்டி பஜாரில் அகலமான நடைபாதை போட்டபோது வியாபாரம் விழுந்துவிடும் என்று சொன்னவர்கள் உண்டு. இன்று மாலையில் அங்கே போனால் குடும்பங்கள் உட்கார்ந்திருப்பதைக் காணலாம். ஒரு வழியை மட்டும் முதலில் எடுத்துக்கொள்வது நல்லது. உயர் நீதிமன்ற நிலையத்திலிருந்து பாரிமுனை, அரண்மனைக்காரன் தெரு என்று மக்கள் வாயில் வழங்கும் ஆர்மீனியன் தெரு, பவளக்காரத் தெரு, மண்ணடி நிலையம். ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர். இந்த ஒரு கிலோமீட்டருக்குள் எல்லைத் தூண் இருக்கிறது, அன்னி பெசன்ட் காலத்துக் கோகலே மண்டபம் இருக்கிறது, செவ்வாய்க்கிழமைதோறும் கூட்டம் அலைமோதும் அந்தோணியார் திருத்தலம் இருக்கிறது. ஆர்மீனியத் தேவாலயத்தின் ஆறு மணிகள் தொங்கும் கோபுரமும் இருக்கிறது. 1772இல் கட்டிய அந்த வளாகத்தில்தான் ஹாருத்யுன் ஷ்மவோனியான் பாதிரியாரின் கல்லறை. உலகின் முதல் ஆர்மீனிய இதழான ‘அஸ்தரார்’ 1794இல் அவர் கையால் சென்னையிலிருந்துதான் வெளிவந்தது. ஆர்மீனியாவிலிருந்து ஒருவர் அதைத் தேடி வந்தால், மெட்ரோ அவரைச் சில நிமிட நடைத் தொலைவில் இறக்கிவிடுகிறது. அதன் பிறகு வழி சொல்ல ஒரு பலகையாவது இருக்க வேண்டாமா?

வெளிநாட்டுப் பயணிக்காக மட்டும் இதைக் கேட்பதாக எண்ண வேண்டாம். கொழும்பிலிருந்து வரும் விமானம் ஒன்றரை மணி நேரத்துக்குள் சென்னையில் இறங்கிவிடுகிறது. கல்யாணத்துக்குப் பட்டும் பாத்திரமும் அழைப்பிதழும் வாங்க இலங்கைக் குடும்பங்கள் வருகின்றன. மண்ணடி விடுதிகளில் தங்கிச் சரக்கெடுக்கும் வியாபாரிகள் இருக்கிறார்கள். சிங்கப்பூரிலிருந்தும் மலேசியாவிலிருந்தும் உறவினர் வீட்டுக்கு வருகிறவர்கள் இருக்கிறார்கள். உயர் நீதிமன்றத்தில் வழக்குக்காகக் கோவையிலிருந்து காலை விமானத்தில் வருகிறவர்களும் உண்டு. எல்லாவற்றுக்கும் மேலாக, அந்தத் தெருக்களில் குடியிருக்கும் ஆயிரக்கணக்கானவர்கள் அதே உடைந்த நடைபாதையில்தான் தினம் நடக்கிறார்கள். வந்தவருக்குச் செய்யும் நன்மை அவர்களுக்கும் சேர்கிறது.

இது ஏன் இதுவரை நடக்கவில்லை என்பதற்கும் விடை உண்டு. விமான நிலைய வளாகம் விமான நிலைய ஆணையத்தின் பொறுப்பு. ரயில் மெட்ரோ நிறுவனத்தின் பொறுப்பு. திரிசூலம் தெற்கு ரயில்வேக்குச் சொந்தம். பேருந்து மாநகரப் போக்குவரத்துக் கழகத்திடம், நடைபாதை மாநகராட்சியிடம், லாரி நேரம் போக்குவரத்துக் காவல் துறையிடம். இவற்றை ஒன்றுசேர்க்கத்தான் ‘கும்டா’ என்கிற சென்னை ஒருங்கிணைந்த பெருநகரப் போக்குவரத்துக் குழுமம் இருக்கிறது. அதற்கான சட்டம் 2010இல் வந்தது. 2025இல் பேருந்து, மெட்ரோ, புறநகர் ரயில் மூன்றுக்கும் ஒரே பயணச்சீட்டு தரும் ‘சென்னை ஒன்’ செயலியை அது கொண்டுவந்தது. பாராட்ட வேண்டிய வேலை. ஆனால் அந்தச் சீட்டு நிலையத்து வாசலோடு முடிந்துவிடுகிறது. நடக்கிறவருக்குச் சீட்டு இல்லை என்பதற்காக அவர் பயணியே இல்லை என்று ஆகிவிடாது. உயர் நீதிமன்றத்திலிருந்து மண்ணடி வரையிலான அந்த ஒரு கிலோமீட்டரைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொள்ள இதைவிடப் பொருத்தமான அமைப்பு வேறு இல்லை.

இதற்கு அவசரமும் இருக்கிறது. இரண்டாவது விமான நிலையம் பரந்தூரில் வரவிருக்கிறது. அங்கே ஏகனாபுரம் மக்கள் தங்கள் நிலத்துக்காக நடத்தும் போராட்டத்துக்கு நேர்மையான பதில் சொல்லியாக வேண்டும். அது தனியே எழுத வேண்டிய பொருள். கட்டப்பட்டால் அந்த விமான நிலையம் பாரிமுனையிலிருந்து 60 கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்கும். பூந்தமல்லியிலிருந்து பரந்தூருக்கு மெட்ரோவை நீட்டத் தமிழக அரசு திட்டம் வகுத்திருக்கிறது. அந்தப் பாதை கலங்கரை விளக்கத்தை நோக்கிப் போகும். நீல வழித்தடத்தை நந்தனத்தில் சந்திக்கும். அப்படியானால் பரந்தூரில் இறங்கி மண்ணடிக்குப் போகிறவர் பெட்டி படுக்கையோடு நந்தனத்தில் ரயில் மாற வேண்டும். நந்தனத்தின் மின்தூக்கிகள் எத்தனை பெட்டிகளைத் தாங்கும், நடைமேடைகளுக்கு இடையே எவ்வளவு தூரம், நள்ளிரவில் வருகிறவருக்கு என்ன ஏற்பாடு என்ற கேள்விகளைப் பரந்தூர் நீட்டிப்பு காகிதத்தில் இருக்கும் இப்போதே கேட்டு, விடையைத் திட்ட அறிக்கையில் எழுதி வாங்க வேண்டும்.